காணி என்னும் பெயர்

நுழையும்முன்

ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் எங்கிருந்து பிறந்தது, அதனை இட்டவர் யார், அப்பெயர் இன்று எவற்றையெல்லாம் முடிவு செய்கிறது என்னும் வினாக்கள் மொழியியலுக்கும் வரலாற்றுக்கும் உரியவை. சில வேளைகளில் வாழ்வுரிமைக்கும் உரியவை. குமரி மாவட்ட மலைகளில் வாழும் காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் பெயரை ஆராய்கிறது இப்பாடம்.

கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடி, கற்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். உளி படுவதற்கு முன் கல்லைத் தட்டி அதன் ஓசையைக் கேட்பது சிற்பியர் மரபு. மணிபோல் ஒலிக்கும் கல்லும் மங்கி ஒலிக்கும் கல்லும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். செவிதான் வேறுபாட்டை அறியும். சொற்களை ஆராய்வோர்க்கும் இப்பழக்கம் வேண்டும். தோற்றத்தில் நெருங்கிய சொற்கள் பல, தட்டிப் பார்த்தால் வெவ்வேறு ஓசை தரும்.

மயிலாடி என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் மயில் ஆடிய இடம் என்று எவரும் பொருள் கூறிவிடலாம். அப்பொருள் சரியாயினும் தவறாயினும் ஊருக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை. மக்கள் இனத்தின் பெயர் அத்தகையதன்று. அதற்குக் கூறப்படும் பொருள் அம்மக்களைப் பற்றிய மதிப்பீடாக மாறும். அரசு ஆவணத்தில் ஏறும். சான்றிதழாகத் திரும்பி வரும். ஆகவே அங்கே ஓசையைக் கூர்ந்து கேட்க வேண்டியுள்ளது.

வயலில் ஒரு பொருள், மலையில் ஒரு பொருள்

மயிலாடி அமைந்திருக்கும் நிலப்பகுதி நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்பது கலப்பை. நாஞ்சில் மலைக்குரிய வள்ளுவன் என்னும் தலைவன் புறநானூற்றில் பாடப்பெற்றவன். உழவையே பெயராகக் கொண்ட இந்நாட்டில், 'காணி' என்ற சொல் நிலத்தைக் குறிக்கும். வழிவழியாக ஒரு குடும்பத்துக்கு உரிய வயலும் தோப்பும் காணி எனப்படும்.

இவ்வயல்களுக்குப் பாயும் நீரின் பெரும்பகுதி வடமேற்கே உள்ள மலைகளிலிருந்து வருகிறது. கோதையாற்றின் குறுக்கே 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை அந்நீரைத் தேக்கிச் சமவெளிக்கு அனுப்புகிறது. அணையைக் கடந்து மலையேறினால் அதே சொல் வேறு பொருளில் வழங்குகிறது. அங்கே காணி என்பது ஒரு மனிதர். தோட்டமலை, தச்சமலை, மோதிரமலை முதலிய குடியிருப்புகளில் வாழும் பழங்குடியினர் தம்மைக் காணி என்றும் காணிக்காரர் என்றும் கூறுவர். தம் இயற்பெயருக்குப் பின்னும் அச்சொல்லைச் சேர்த்துக்கொள்வர். 1868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர் மலையைச் சூழ்ந்து மூன்று திசையிலும் இவர்கள் பரவியுள்ளனர். தெற்கே குமரி மாவட்டம். கிழக்கே பாபநாசத்துக்கு மேலுள்ள மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி. மேற்கே கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம்.

சமவெளியில் நிலத்துக்கும் மலையில் மக்களுக்கும் ஒரே சொல் பெயரானது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை தேடுமுன் அச்சொல்லின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

சொல் நடந்த வழி

காணி என்பது முதலில் ஓர் எண். ஒன்றை எண்பது கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு காணி. கீழ்வாய் இலக்கங்களை மனப்பாடம் செய்த திண்ணைப்பள்ளி மாணவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். நிலத்தை அளக்கும்போது அதுவே பரப்பளவின் பெயராகவும் வழங்கியது. பாரதியார் பராசக்தியிடம் நிலமும் மாளிகையும் தென்னை மரங்களும் வேண்டும் புகழ்பெற்ற பாடலில் நிலத்துக்கு அடையாக வருவது இச்சொல்லே.

தெரிந்து தெளிவோம்

முந்திரி – 1/320
அரைக்காணி – 1/160
காணி – 1/80
அரைமா – 1/40
மா – 1/20
சென்னை வட்டாரத்தில் ஒரு மனை என்பது 2400 சதுர அடி. 24 மனை சேர்ந்தது ஒரு காணி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.32 ஏக்கர்.

அளவைவிட ஆழமான பொருளைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் காணி என்பது வழிவழி உரிமையைக் குறிக்கும். நிலத்தின்மீது ஒருவர்க்குள்ள உரிமை காணி; கோயிலில் ஒரு பணியைச் செய்வதற்கு ஒரு குடும்பத்துக்குள்ள உரிமையும் காணி. கூத்தாடுவோர்க்கு அளிக்கப்பட்ட கூத்துக்காணி, நட்டுவர்க்கு அளிக்கப்பட்ட நட்டுவக்காணி போன்ற சொற்களை அவற்றில் காணலாம். ஆகவே, காணி என்றால் வெறும் மண் அன்று. தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவதும் ஊரார் ஒப்புக்கொண்டதுமான உடைமை அது. அவ்வுடைமையைச் செலுத்துவது காணியாட்சி. அதனை உடையவர் காணியாளர்.

பிற்காலத்தில் பாரசீகச் சொல்வழி வந்த 'மிராசு' இவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. காணியாளர் மிராசுதார் ஆயினர். சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ், 1810களில் மிராசு உரிமையை ஆராய்ந்தபோது, அயற்சொல்லுக்குக் கீழே காணியாட்சி என்ற தமிழ் வழக்கு இருப்பதை விரிவாக எடுத்துக்காட்டினார். இலங்கைத் தமிழில் அச்சொல் இன்றும் தளரவில்லை. அங்கே மனை என்றோ பிளாட் என்றோ கூறுவதில்லை. வாங்குவதும் விற்பதும் காணி. அதன் பத்திரம் காணி உறுதி. போரினால் இடம்பெயர்ந்த மக்கள் தம் நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டங்களில் ஒலித்த சொல்லும் அதுவே.

தட்டிப் பார்க்கும் முறை

இனி, மலைவாழ் மக்களின் பெயர்க்காரணத்துக்கு வருவோம். நான்கு வழிகளில் பொருள் கூற இடமுண்டு.

முதலாவது கானம். கான், கானம், கானகம் என்பன காட்டைக் குறிக்கும். குறிஞ்சி நில மக்களைக் கானவர் என்று சங்க இலக்கியம் கூறும். காட்டில் வாழ்வோரின் பெயர் காட்டிலிருந்து பிறந்திருக்கும் என்று கருதுவது எளிது. ஆனால் கானத்தில் இருப்பது றன்னகரம். காணியில் இருப்பது டண்ணகரம். ஊன் வேறு, ஊண் வேறு. மனம் வேறு, மணம் வேறு. இவ்விரு ஒலிகளும் இடம் மாறினால் பொருளும் மாறும் மொழி தமிழ். கானவரைக் காணியாக்கத் தக்க சான்று வேண்டும். அத்தகைய சான்று இல்லை.

இரண்டாவது கணி. கணித்துக் கூறுபவர் கணியர். கணியன் பூங்குன்றனார் என்ற பெயரில் உள்ளது அது. நெல்லை, குமரி மாவட்டங்களில் கணியான் கூத்து நிகழ்த்தும் கணியான் என்னும் மக்கள் உள்ளனர். அவர்களும் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றவர்களே. அவர்கள் வேறு, காணிக்காரர் வேறு. குறிலும் நெடிலும் பிரித்து வைத்த இவ்விரு இனங்களை ஆங்கில எழுத்து ஒன்றாகக் கலக்கிவிட்டது. அவ்வெழுத்தில் காணி, கணி, கனி, கானி ஆகிய நான்கும் ஒரே வடிவில் வரும். இக்குழப்பம் பற்றிப் பின்னர்க் காண்போம்.

மூன்றாவது காணிக்கை. ஓணத்தை ஒட்டி மலையிலிருந்து இறங்கித் தேன், மூங்கிற்குழாய், வாழைக்குலை போன்ற காட்டு விளைபொருள்களைத் திருவிதாங்கூர் அரச குடும்பத்தாருக்கு வழங்குவது காணிக்காரர் மரபு. காணிக்கை கொண்டுவருவோர் காணிக்காரர் என இணைத்துப் பார்க்கத் தோன்றும். காணிக்கை, காணி இரண்டுமே 'காண்' என்னும் அடியோடு தொடர்புடையவை என்பதால் இவ்விளக்கத்திற்கு ஓரளவு கவர்ச்சி உண்டு. எனினும் ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் செயல், ஆண்டு முழுதும் வழங்கும் பெயராக நிலைப்பது அரிது. அன்றியும், 'காணிக்கைக்காரர்' என்பது காணிக்காரர் எனக் குறைந்தது என்று கொள்ள வேண்டும். காணி என்ற தனிச்சொல் மலையில் வழங்குவதற்கு அது விடை தராது.

நான்காவது, நாம் மேலே கண்ட வழிவழி உரிமை. இதற்குச் சொல்லின் அமைப்பே சான்று. காரன், காரர் என்னும் ஈறு பெரும்பாலும் ஒருவர் உடைய பொருளோடு சேரும்: வீட்டுக்காரர், கடைக்காரர், தோட்டக்காரர். வீட்டை உடையவர் வீட்டுக்காரர் எனில் காணியை உடையவர் காணிக்காரர். கண்காணி, மரங்கொத்தி என்பனவற்றில் இகர ஈறு வினை செய்பவரைக் குறிப்பதுபோல், காணி என்பதும் 'காண்பவர்', அதாவது காட்டைக் காவல் காப்பவர் எனப் பொருள்படாதா என்று கேட்கலாம். அவ்வாறாயின் அதனுடன் காரர் சேர வேண்டியதில்லை. கண்காணிக்காரர் என்று எவரும் கூறுவதில்லை. காணிக்காரர் என்ற முழுவடிவமே பழையது. அது சுருங்கிக் காணி ஆயிற்று என்று கொள்வது பொருந்தும்.

எழுத்துச் சான்றும் இதனோடு உடன்படுகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதி நூலில், திருவிதாங்கூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை ஒட்டி, நிலத்தை வழிவழியாக உடையவர் என்றே இப்பெயருக்குப் பொருள் தரப்பட்டுள்ளது. ஸ்ரீரங்கன், வீரப்பன் என்னும் இரு மலையரசர்களின் வழிவந்தோர், வலிமை மிக்க படையின் நெருக்குதலால் பாண்டிய நாட்டிலிருந்து அகத்தியர் மலையைக் கடந்து வந்து, பின் சமவெளிக்குத் திரும்பவேயில்லை என்னும் மரபுக்கதையையும் அந்நூல் பதிந்துள்ளது. அயலார் வரும்போது பெண்கள் அடர்காட்டுக்குள் மறைந்துவிடும் வழக்கம் இருந்ததாகவும் அதே பதிவு கூறுகிறது. அவ்வாறெனில், குறிப்பெடுத்துச் சென்றவர்கள் கேட்டது குடியிருப்பின் ஒரு பாதியினர் கூறிய சொல்லையே என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

உள்ளேயிருந்து நோக்கின்

வெளியிலிருப்போர்க்கு எல்லாரும் காணிக்காரர். உள்ளேயிருப்போர்க்கு அந்த ஒற்றைப் பெயர் போதுமானதன்று. ஒருவர் எந்த இல்லத்தைச் சேர்ந்தவர் என்பதே அவர்கள் முதலில் அறிய விரும்புவது. இல்லங்கள் அண்ணன்தம்பி முறையுடையன, மச்சம்பி முறையுடையன என இரு பிரிவாக அமையும். அண்ணன்தம்பி இல்லங்களுக்குள் மணவுறவு இல்லை. பெண் கொள்வதும் கொடுப்பதும் மச்சம்பி இல்லத்தாரோடுதான்.

ஊரின் பொறுப்புகளிலும் காணி என்ற சொல் பயில்கிறது. குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி. அவருடைய சொல்லை ஊராரிடம் கொண்டுசேர்த்து, அனைவரையும் அழைத்துக் கூட்டுபவர் விளிகாணி; விளித்தல் என்பது அழைத்தல். நோய் தீர்க்கும் மருத்துவமும் சடங்கும் அறிந்தவர் பிலாத்தி. கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி இசையெழுப்பி, இரவெல்லாம் அவர் பாடும் சாற்றுப்பாட்டு இம்மக்களின் வாய்மொழிச் செல்வம். தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் தம் பேச்சினை அவர்கள் மலம்பாஷை என்பர். அதற்கெனத் தனி எழுத்து இல்லை.

நிலம் எவ்வாறு தமதாயிற்று என்பதற்கும் அவர்களிடம் வாய்மொழி மரபு உண்டு. பகைவரிடமிருந்து தப்பிக் காட்டுக்குள் வந்த மார்த்தாண்ட வர்மருக்குத் தம் முன்னோர் அடைக்கலம் தந்தனர் என்றும், அரசரான பின் அவர் நன்றியோடு நிலம் அளித்தார் என்றும் கூறுவர். அவர் ஆண்டது 1729 முதல் 1758 வரை. கதைகளை வரலாறாக அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இக்கதை எதனை வற்புறுத்துகிறது என்று நோக்க வேண்டும். மலை எங்களுக்கு இரவலாகக் கிடைத்தது அன்று. கொடுத்தவர் இன்னார், கொடுத்த காரணம் இன்னது என்று அது கூறுகிறது. காணி என்ற பெயரும் அதனையே ஒரு சொல்லில் கூறுகிறது.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு தேவை. காணியாளர், காணிக்காரர் என்னும் இரு சொற்களும் பொருளால் ஒன்றே. சமவெளியில் காணியாளர் ஊரவையில் அமர்ந்தார். வரி நிர்ணயத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. நீதிமன்றத்தில் அவர் உரிமை ஏற்கப்பட்டது. மலையில் காணிக்காரர் விறகு எடுப்பதற்கும் அனுமதி கேட்கும் நிலைக்கு வந்தார். ஒரே பொருளுடைய இரண்டு சொற்களின் வாழ்வு இத்துணை வேறுபட்டமைக்குச் சொற்கள் காரணமல்ல.

இட்ட பெயரும் ஏற்ற பெயரும்

உலகெங்கும் இனப்பெயர்கள் இருவகையாகப் பிறக்கின்றன. தாமே தம்மைக் குறிக்கும் பெயர் ஒன்று. அயலார் சுட்டும் பெயர் மற்றொன்று. தாமே இட்டுக்கொண்ட பெயர்கள் பலவற்றுக்கு 'மனிதர்' என்பதே பொருளாக இருப்பது வியப்புக்குரியது. வட துருவப் பகுதி மக்களை அயலார் எஸ்கிமோ என்றனர். 1977இல் கூடிய அவர்களது மாநாடு, மக்கள் எனப் பொருள்படும் இனூயிட் என்ற தம் சொல்லையே பொதுப்பெயராக ஏற்றது. நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின் வடபகுதியில் வாழ்வோர், லாப் என்ற பெயரை இழிவுடையதெனத் தள்ளிச் சாமி என்ற தம் பெயரை நிலைநாட்டினர். இலங்கையில் வேடர் எனப் பிறர் அழைக்கும் தொல்குடியினர், காட்டில் வாழ்வோர் எனப் பொருள்படும் வன்னியலத்தோ என்பதையே தம் பெயராகக் கூறுவர்.

நீலகிரியில் தோடர் என நாம் அழைப்போர், தம் மொழியில் தம்மை மனிதர் எனப் பொருள்படும் வேறொரு சொல்லால் குறிப்பர். படகர் என்பதோ வடக்கிலிருந்து வந்தவர் என்னும் பொருளது. வந்த திசையையே பெயராக்கிவிட்டனர் அண்டையர். இருளர் என்னும் பெயரை இருளோடு இணைத்து விளக்குவோர் பலர். அவ்விளக்கத்தில் அம்மக்களின் நிறத்தைப் பற்றிய கேலி ஒளிந்திருப்பதை அவர்கள் உணர்வதில்லை.

இவ்வரிசையில் காணிக்காரர் என்ற பெயர் தனித்து நிற்கிறது. இது சமவெளியின் வேளாண் வழக்கிலிருந்து எடுத்த சொல்; ஆகையால் அயலார் இட்டது என்றே கருதலாம். ஆனால் அயலார் இட்ட பெயர்களில் வழக்கமாகக் காணப்படும் நிறமோ, தொழிலோ, இழிவோ இதில் இல்லை. இம்மலை இவர்களுக்கு உரியது என்று மலைக்கு வெளியே இருந்தவர்கள் ஒப்புக்கொண்ட சொல் இது. கல்லில் வெட்டாமலும் ஓலையில் எழுதாமலும் நாவிலேயே நின்ற உரிமைப்பட்டயம் எனலாம்.

பட்டியலில் ஒரு பெயர்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அகத்தியர் மலையைச் சூழ்ந்து வாழ்ந்த ஒரே இனத்தாருள் ஒரு பகுதியினர் தமிழ்நாட்டினராகவும் மறுபகுதியினர் கேரளத்தினராகவும் ஆயினர். பள்ளியில் ஒரு சாரார் தமிழும் மற்றவர் மலையாளமும் பயின்றனர். மச்சம்பி இல்லம் எல்லைக்கு அப்பால் இருப்பின் மணவுறவு மாநில எல்லையைக் கடந்தது.

தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் இவ்வினத்தின் பெயர் இடம்பெற்றுள்ளது. ஆனால் மாநிலம் முழுமைக்குமாக அன்று. கன்னியாகுமரி மாவட்டமும் நெல்லைப் பகுதியின் குறிப்பிட்ட வட்டங்களுமே அதில் சுட்டப்பட்டுள்ளன. பெயரோடு இடமும் சேர்ந்தாலன்றிச் சான்றிதழ் இல்லை. ஆங்கிலத்தில் நெடில் காட்டாமல் எழுதப்பட்ட வடிவமே மூல ஆவணத்தில் உள்ளது. அதனைத் தமிழில் திருப்பி எழுதும்போது கனிகரன், கணிக்காரன், காணிக்காரன் என எழுதுவோர் மனம்போல் வடிவம் மாறக்கூடும். பள்ளிப் பதிவேட்டில் ஒரு வடிவமும் வருவாய்த்துறை ஆவணத்தில் மற்றொரு வடிவமும் இருந்தால், கல்வி உதவித்தொகைக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ விண்ணப்பிக்கும் மாணவர்க்கு அந்த ஓரெழுத்தே தடையாகும். டண்ணகரம், றன்னகரம் பற்றிய பாடம் இலக்கண வகுப்போடு முடிந்துவிடுவதில்லை.

செடியின் பெயர்

பெயரில் இடம்பெறாமை என்னவாகும் என்பதற்கு ஒரு செடியின் கதை சான்று. 1987இல் அகத்தியர் மலைப்பகுதியில் தாவர ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர் குழுவினர், களைத்து வாடிய வேளையிலும் தம் வழிகாட்டிகளான காணிக்காரர்கள் சோர்வின்றி நடப்பதைக் கண்டனர். அவர்கள் அவ்வப்போது மென்ற சிறு காய்களே அதற்குக் காரணம் எனத் தெரிந்தது. முதலில் சொல்லத் தயங்கிய வழிகாட்டிகள் பின்னர் அச்செடியைக் காட்டினர். அவர்கள் சாத்தன்களஞ்சி என வழங்கிய அது, ஆரோக்கியப்பச்சை என்ற பெயரில் வெளியுலகில் பரவியது. அதன் அறிவியற்பெயர் டிரைகோபஸ் செய்லானிகஸ். அதன் உள்ளினப் பெயர் திருவிதாங்கூரைக் குறிக்கும். இலங்கைக்கும் திருவிதாங்கூருக்கும் இடமளித்த அப்பெயரில், செடியின் பயனை அறிந்திருந்த மக்களுக்கு இடமில்லை.

அதிலிருந்து உருவாக்கிய ஜீவனி என்னும் மருந்தைத் தயாரிக்கும் உரிமை 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய்க்கு வழங்கப்பட்டது. உரிமத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிக்காரர்க்குச் சேரும் என முடிவாயிற்று. அதனைப் பெறுவதற்கு ஓர் அமைப்பு வேண்டும் அன்றோ? 1997இல் கேரளத்தில் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. அதன் பெயரில் காணி என்ற சொல் இருந்தது. பழங்குடியினர் அறிவுக்கு ஈடு வழங்கிய தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாக இது உலக அரங்கில் பேசப்பட்டது. வழிகாட்டிகளுள் ஒருவரான குட்டிமாத்தன் காணி 2002இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் அதன்பொருட்டு விருதும் பெற்றார். எனினும் குறை கூறியவர்களும் உண்டு. மருத்துவ அறிவு பிலாத்திகளுக்கு உரியது; அதனை வெளியிட இளைஞர் சிலர்க்கு உரிமை உண்டா என மூத்தோர் கேட்டனர். காணி என்ற பெயரால் பேச யாருக்கு அதிகாரம் என்னும் வினா, பணம் வந்தபோதுதான் முதன்முறையாக எழுந்தது.

உடைமையும் உரிமைப் பத்திரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் காடுகள் காப்புக்காடுகளாக வரையறுக்கப்பட்டன. எல்லைக்கல் நாட்டப்பட்ட நாளிலிருந்து காடு அரசுடையது. அதனுள் வாழ்ந்தவர் அரசின் இசைவால் தங்கியிருப்பவர். காட்டைத் திருத்திச் சில ஆண்டுகள் பயிரிட்டு, மண் தளர்ந்ததும் வேறிடம் பெயர்ந்து, பழைய நிலத்தைக் காடாக வளரவிடும் வேளாண்முறை மெல்ல மெல்ல நின்றது. மரச்சீனி, மிளகு, வாழை, இரப்பர் என ஓரிடத்தில் நிலைத்த பயிர்களுக்கு அவர்கள் மாறினர். பேச்சிப்பாறை நீர்த்தேக்கம் நிரம்பியபின், சில குடியிருப்புகளுக்குப் படகில் சென்றே சேர வேண்டியதாயிற்று. நாஞ்சில் நாட்டுக் காணிகளுக்கு நீர் தரும் ஏரி, காணிக்காரர் ஊர்களுக்கு இடையே அகழியானது. பின்னர் வந்த காட்டுயிர்க் காப்பகங்களும் புலிகள் காப்பகமும் மேலும் சில கட்டுப்பாடுகளைக் கொணர்ந்தன. காட்டைக் காத்தல் தேவையானதே. ஆனால் அக்காட்டில் தலைமுறைகளாக வாழ்ந்தவரை அயலாராக எண்ணிக் காத்தல் வேறு.

2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. காடுவாழ் பழங்குடியினர்க்கு வரலாற்று வழியில் அநீதி நிகழ்ந்துள்ளது என்பதை அச்சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்து பயிரிட்டுவரும் நிலத்தில் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். தேன், மூங்கில், மூலிகை போன்ற சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமையும் உண்டு. உரிமை கோருவோரின் விண்ணப்பத்தை முதலில் ஆராய்வது கிராமசபை. வழக்கொன்றின் காரணமாகத் தமிழ்நாட்டில் பட்டயம் வழங்குவது பல்லாண்டு தடைபட்டு, 2016இல் தடை நீங்கிய பின்னரே தொடர்ந்தது.

இந்நிலம் எம்முடையது என்பதற்குச் சான்று தருக என்று விண்ணப்பம் கேட்கிறது. பழைய வரிச்சீட்டு, வாக்காளர் அட்டை, முதியோரின் வாக்குமூலம், முன்னோரைப் புதைத்த இடம், வழிபடும் மரம், பட்டுப்போன பழைய பலாவின் அடி எனக் கிடைத்தவற்றையெல்லாம் சான்றாகக் காட்டுகின்றனர். விண்ணப்பத்தின் முதல் வரியில் இனத்தின் பெயரை எழுதுவதற்கு ஓர் இடம் உண்டு. அங்கே அவர்கள் எழுதும் பெயருக்கு நிலத்தை வழிவழியாக உடையவர் என்று பொருள். சான்றாக இணைக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலில் பெயரின் பொருள் இல்லை.

கேரள எல்லையை ஒட்டி, குமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் ஆறுகாணி, பத்துகாணி என்னும் ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. ஆறு காணி நிலமா, ஆறு காணிக் குடும்பங்களா. பத்து என எண்ணப்பட்டது வயலா, வீடா? சமவெளியிலிருந்து செல்பவர் ஒன்றாகவும் மலையிலிருந்து இறங்குபவர் மற்றொன்றாகவும் பொருள்கொள்ள அப்பெயர்கள் இடம் தருகின்றன. மார்த்தாண்டத்திலிருந்து புறப்படும் பேருந்துகளின் நெற்றியில் அவ்விரு பெயர்களும் நாள்தோறும் மலையேறுகின்றன.